மச்சானின் ஒன்பது சைக்கிள்காரர்கள்

ஜூலை மாதம் பிறந்தால் என் மச்சானுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். மச்சான் என்றால் என் வீட்டுக்காரர். எங்கள் ஊரில் கட்டியவரை அப்படித்தான் கூப்பிடுவோம். நீடாமங்கலத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் எங்கள் ஊர். சுற்றிலும் நெல் வயல், நடுவில் எங்கள் தெருக்கள், வீட்டுக்கு ஒரு சபராளி. வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிற ஆம்பளையைச் சபராளி என்பார்கள். மற்ற சபராளிகள் லீவில் வரும்போது செண்ட் பாட்டில், கம்பளி, பாதாம் பிஸ்தா என்று கொண்டுவந்து இறக்குவார்கள். இவரும் அதெல்லாம் கொண்டுவந்தார். கூடவே ஒரு சைக்கிள் பந்தயத்தையும் கொண்டுவந்து என் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

அது பிரான்ஸ் நாட்டில் வருடா வருடம் நடக்கிற பந்தயம். மூன்று வாரம் ஓட்டுவார்கள். இன்றைக்கு ஓர் ஊரில் கிளம்பி இன்னோர் ஊரில் முடிப்பார்கள், நாளைக்கு வேறோர் ஊர். மச்சான் கும்பகோணத்தில் காலேஜ் படித்த நாளில் கேபிள் டிவி புதிது. கிரிக்கெட் பார்க்கலாம் என்று கூட்டாளி வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மழை வந்து ஆட்டம் நின்றுபோனது. சேனல்காரன் சும்மா இருக்க முடியாமல் சைக்கிளைப் போட்டுவிட்டான். அப்புறம் மழை விட்டது, கிரிக்கெட் திரும்பி வந்தது, இவர்கள் மூவரின் மனசு மட்டும் திரும்பி வரவே இல்லை. படிப்பு முடிந்ததும் ஒருவர் கும்பகோணத்திலேயே அப்பாவின் பாத்திரக்கடையில் உட்கார்ந்தார். ஒருவர் திருவையாற்றுப் பக்கம் விவசாயத்துக்குத் திரும்பினார். மச்சான் விமானம் ஏறினார். ஆளுக்கொரு திசையில் போனாலும் ஜூலை வந்தால் மூவரும் அதே சோபாவில்தான் இருப்பார்கள்.

இண்டர்நெட் வந்த பிறகு அதில் ஒரு விளையாட்டு வந்தது. பந்தயத்தில் ஓட்டுகிற நிஜ ஆட்களில் ஒன்பது பேரைப் பொறுக்கி நாமே ஒரு அணி கட்டிக்கொள்ள வேண்டும். அவர்கள் அங்கே ஜெயித்தால் நமக்கு இங்கே புள்ளி ஏறும். கெட்டிக்காரர்கள் எல்லோரையும் நாமே வாரிக்கொள்ள விடமாட்டார்கள்; இரண்டு கெட்டிக்காரனை எடுத்தால் மீதிக்கு நோஞ்சான்களைத்தான் எடுக்க முடியும். நடுவில் ஆளை மாற்றலாம். ஆனால் அன்றைய ஓட்டம் கிளம்புவதற்குள் மாற்றிவிட வேண்டும். அது நம் ஊர் நேரத்துக்குச் சாயங்காலம் நாலு மணி வாக்கில் வரும். ஜெயித்தால் என்ன பரிசு என்று கேட்டேன். பரிசெல்லாம் கிடையாதாம். அடுத்த ஜூலை வரைக்கும் தோற்றவனைக் கிண்டல் பண்ணலாமாம். நல்ல பிழைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சானுக்கு அங்கே ஒரு பெரிய கடையின் குடோனில் வேலை. வேலை நேரத்தில் செல்போனைத் தொடக்கூடாது, வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். ஆள் மாற்றுகிற நேரமும் அவர் மூட்டை எண்ணுகிற நேரமும் ஒன்றாகிப்போனது. அதனால் ஒரு வருடம் பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்து, காலையில் போன் பண்ணும்போது நான் சொல்கிறபடி மத்தியானம் அழுத்திவிடு, அது போதும் என்றார். ஏற்கனவே வீடு, பிள்ளைகள், மச்சானின் தாயாரான மாமியின் மாத்திரை, தண்ணீர் மோட்டார் எல்லாம் என் தலையில். இதில் ஒன்பது வெள்ளைக்காரன் வேறா என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் அழுத்தினேன். பேர்களை வாயில் நுழைக்க முடியவில்லை. அதனால் நெட்டையன், தாடிக்காரன், சிடுமூஞ்சி என்று நானே பேர் வைத்துக்கொண்டேன். மச்சானும் கொஞ்ச நாளில் அந்தப் பேரிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதுவரைக்கும் எங்களுக்குள் பேசிக்கொள்ள ஒன்றுமே இருந்ததில்லை. நிக்காஹ் முடிந்த கையோடு போனவர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். வந்த முதல் வாரம் சொந்தக்காரர் வீட்டு விருந்து, கடைசி வாரம் பெட்டி கட்டுகிற வேலை. நடுவில் இருக்கிற நாளில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதையாக இருப்போம், அவ்வளவுதான். போனில் கேட்டால் சாப்பிட்டியா, பிள்ளைங்க சாப்பிட்டாங்களா, உம்மாவுக்குச் சுகமா. நானும் சாப்பிட்டேன், சாப்பிட்டாங்க, சுகம் என்பேன். பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் கேட்கும். சிக்னல் சரியில்லை என்று அவரே வைத்துவிடுவார்.

சைக்கிள் வந்த பிறகு அந்த மனிதர் வாய் ஓயாமல் பேசினார். நான் சண்டை போட்டேன். சிடுமூஞ்சியை எதற்குப் போட்டீர்கள், அவன் நேற்று முழுக்க அடுத்தவன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வந்தான், எனக்கு அவனைப் பிடிக்கவில்லை என்பேன். காற்றைத் தடுக்க ஒருவன் பின்னால் ஒருவன் ஓட்டுவதுதான் அதில் வித்தை என்று மச்சான் பொறுமையாக விளக்குவார். ஒருநாள் முன்னால் போன நாலு பேரும் ரயில்வே கேட் மூடி நின்றுவிட்டார்கள். பின்னால் வந்த கூட்டம் அவர்களைப் பிடித்துவிட்டது. நீடாமங்கலம் கேட்டில் நின்று நின்று காலமெல்லாம் கழித்த எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதை அவருக்குப் போனில் சொன்னபோது அவரும் சிரித்தார். என் வீட்டுக்காரர் இப்படி விட்டுச் சிரிப்பார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்தடுத்த வருடங்களில் நோன்பும் பந்தயமும் ஒரே மாதத்தில் வந்தன. சாயங்காலம் நோன்புக் கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு, பாங்குச் சத்தத்துக்குக் காத்துக்கொண்டு மாமியும் நானும் டிவி முன்னால் உட்காருவோம். நமக்கோ நாக்கு ஒட்டிக்கிடக்கும். அங்கே ஒவ்வொருவனும் பாட்டில் பாட்டிலாகக் குடிப்பான், மிச்சத்தைத் தலையில் கொட்டுவான், பாட்டிலைத் தூக்கி வயலில் எறிவான். மாமிக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். தண்ணீர் இன்னும் வாய்க்கால் கடைசிக்கு வந்து சேரவில்லை, குறுவை நாற்று காய்கிறது, இந்தப் பயல்கள் நல்ல தண்ணியைத் தலையில் ஊற்றுகிறான்களே என்று தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே திட்டுவார். ஆனால் சேனலை மாற்ற விடமாட்டார்.

கும்பகோணத்து அண்ணன், திருவையாற்று அண்ணன், மச்சான் மூன்று பேருமே ஒரு தப்பைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். முதல் வாரம் சமதரையில் ஓடுகிறபோது மூவரின் புள்ளியும் எகிறும். இரண்டாவது வாரம் மலை வரும். மூவரும் மண்ணைக் கவ்வுவார்கள். காரணம் வேறொன்றும் இல்லை. சமதரையில் கடைசியில் பாய்ந்து கோட்டைத் தொடுகிற தொடை பெருத்த ஆட்களையே மூவரும் அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். எங்கள் ஜில்லாவில் மேடு என்றால் பாலம், பள்ளம் என்றால் வாய்க்கால். பிறந்ததிலிருந்து தட்டையாகவே பார்த்த கண்ணுக்கு மலை என்பது டிவியில் வருகிற படமாகத்தான் தெரிந்தது. அதில் சைக்கிள் மிதித்தால் என்ன ஆகும் என்று உடம்புக்குத் தெரியவே தெரியாது. வருடா வருடம் அடி வாங்கிவிட்டு, இந்த வருஷம் மலை கொஞ்சம் ஜாஸ்தி வைத்துவிட்டான் என்று பந்தயக்காரனைக் குறை சொல்வார்கள்.

எனக்கு அது உறைத்தது ஆற்றுப் பாலத்தில். நோன்புக்கு அரிசி மாவு அரைக்க ரைஸ்மில்லுக்குப் போனேன். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள், பின்னால் மாவு டப்பா. எங்கள் பக்கத்துக் கரை மேடு, அதனால் போகும்போது இறக்கம், ராஜாத்தி மாதிரி போனேன். வரும்போது பாலத்து ஏற்றத்தில் பாதிக்கு மேல் கால் ஓடவில்லை. கருப்பு புர்கா, உச்சி வெயில், வெறும் வயிறு. மீன்காரர் ஒருவர் மொபெட்டில் தாண்டிப் போகும்போது, தள்ளிக்கிட்டுப் போம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். இறங்கித் தள்ளினேன். இந்த இத்துனூண்டு மேட்டுக்கே மாவு டப்பா இப்படிப் பின்னால் இழுத்தால், அந்தத் தொடை பெருத்தவன் மலையில் என்ன பண்ணுவான் என்று அப்போதுதான் பொறி தட்டியது. வீட்டுக்கு வந்து புர்காவைக்கூடக் கழற்றவில்லை. மச்சானைக் கேட்காமலே பாய்கிற ஆட்களைத் தூக்கிவிட்டு, எலும்பும் தோலுமாக இருந்த ஆட்களைப் போட்டேன்.

மறுநாள் காலையில் அவர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பாலத்தை வைத்து மலையை அளக்கிறியா என்று கேட்டார். ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் எங்கள் அணி மேலே போய்விட்டது. கும்பகோணத்து அண்ணன் செல்போன் குழுவில், யாரோ சொல்லித் தருகிறார்கள், ஆள் யார் என்று கேட்டுத் துளைத்தார். மச்சான் பூசி மெழுகப் பார்த்து முடியாமல், வீட்டில்தான் என்று ஒப்புக்கொண்டார். அதன் பிறகு என்னையும் குழுவில் சேர்த்தார்கள். இரண்டு அண்ணன்களும் ஒவ்வொன்றுக்கும் தங்கச்சி என்ன சொல்லுது என்று கேட்பார்கள். நான் சொன்னதெல்லாம் பலித்தது என்று சொல்லமாட்டேன். நெட்டையன் மேல் ஆசைப்பட்டு ஒரு வருடம் முழுக்கக் கோட்டைவிட்டேன். அப்போதும் மச்சான் என்னை மாற்றச் சொல்லவில்லை. தினமும் காலையில் முதல் கேள்வியே, இன்னைக்கு யாரப் போடலாம் என்பதுதான்.

இப்படி இருக்கையில் ஒரு ஜூலையில் அவர் ஒப்பந்தம் முடிகிற நேரம் வந்தது. மாதக் கடைசிக்குள் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று வருடம். போடாவிட்டால் ஊருக்கு வந்து, கும்பகோணத்து அண்ணனோடு சேர்ந்து ஒரு கடை பார்க்கலாம். அண்ணன் பல தடவை கூப்பிட்டுவிட்டார். எனக்கு அவர் வரவேண்டும். அவ்வளவுதான். பெரிய காரணமெல்லாம் கிடையாது. பெரிய மகளுக்கு அத்தாவின் குரல் தெரியும், கோபம் தெரியாது. சின்னவன் லீவில் வந்த அத்தாவிடம், எப்ப திரும்பிப் போவீங்க என்று மரியாதையாகக் கேட்டான். எனக்கும் வயது ஏறுகிறது. சண்டை போட்ட மனிதர் முகத்தைச் சண்டை போடும்போதே பார்க்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது.

அவர் மாமியைக் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார்கள். நான் அடுப்படியில் நோன்பு திறக்க இறால் வாடா பொரித்துக்கொண்டிருந்தேன். மாடி எழும்பட்டும், அதுவரைக்கும் இருந்துவிட்டு வாப்பா என்றார் மாமி. கெட்ட எண்ணம் இல்லை அவருக்கு. ஆண்பிள்ளை என்றால் தூரத்தில் இருப்பான் என்பதுதான் அவர் கண்ட வாழ்க்கை. அவர் புருஷனும் கப்பலேறிப் போனவர்தான். அடுத்துத் தன் தம்பியைக் கேட்டார். அண்ணன் இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் என்னையும் அங்கே எடுத்துவிடலாமே என்றான் அவன். அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது, இங்கே வேலை தேடித் தேடிச் செருப்புத் தேய்ந்தவன். எல்லோரும் பேசினார்கள். நான் பொரித்த வாடா கருகியது. போனை வைக்கப் போகிறபோதாவது அவளிடம் கொடுங்கள் என்பார் என்று கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் போன் வந்தது. என்ன சொல்றே என்று கேட்கப்போகிறார் என்று அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தேன். இன்னைக்கு யாரப் போடலாம் என்றார். சொன்னேன். அதற்கடுத்த நாளும் சொன்னேன். கேட்காமல் நானாகச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். சொல்லமுடியாது. கேட்டால்தான் சொல்வது என்று ஒரு வீம்பு. அந்த வீம்பு இல்லையென்றால் அத்தனை வருடம் ஒரு வீட்டைத் தனியாக நிமிர்த்திப் பிடித்திருக்க முடியாது. ஆனால் உள்ளே வெந்துகொண்டிருந்தேன். விடிவதற்கு முன்னால் சஹருக்கு எழுந்து சோறு போடும்போது கரண்டிச் சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டிருக்கும். மாமி ஒன்றும் கேட்கவில்லை, கஞ்சிக்கு நான் உப்புப் போட மறந்தபோதும் பேசாமல் குடித்தார்.

கடைசி வாரம், வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அவருக்கு லீவு. ஜும்ஆ தொழுகை முடிந்து அறைக்கு வந்து வீடியோவில் கூப்பிட்டார். நமக்கு மூன்றரை மணி இருக்கும். அன்றைக்குப் பந்தயத்தில் பெரிய மலை. முகத்தில் உற்சாகம்.

“நம்ம தாடிக்காரன் நேத்து விழுந்து கைய ஒடிச்சுக்கிட்டான். இன்னைக்குக் கெளம்பமாட்டான்கிறாங்க. அவன எடுத்துட்டு யாரப் போடலாம், சொல்லு.”

“எனக்கு என்ன தெரியும்? உங்க உம்மாவக் கேளுங்க. உங்க தம்பியக் கேளுங்க. அவங்க சொல்ற ஆளப் போடுங்க.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன ஆச்சு, யாராவது ஏதாவது சொன்னாங்களா என்று கேட்டார். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

“ஒன்பது வெள்ளக்காரனப் பத்தி தெனமும் என்னைக் கேக்குறீங்க. என் புருஷனப் பத்தி என்னை ஒருத்தரும் கேக்கல. நீங்களும் கேக்கல.”

செல்போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். அங்கே ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்துக் கட்டிலில் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. அவர் கண் தாழ்ந்திருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் அவரே வைத்துவிடுவார். அன்றைக்கு வைக்கவில்லை.

“கேக்க பயமா இருந்துச்சு புள்ள,” என்றார். குரல் மெதுவாக வந்தது. “உம்மா இருன்னுட்டாங்க. தம்பி இருங்கன்னுட்டான். நீயும் இருங்கன்னு சொல்லிட்டா, அப்புறம் எனக்கு ஊருன்னு எங்க இருக்கு?”

என்னை ஒரு ஆளாகவே மதிக்காமல் விட்டுவிட்டார் என்று அத்தனை நாள் பொருமிக்கொண்டிருக்கிறேன். அவரோ என் வாயிலிருந்து என்ன வந்துவிடுமோ என்று பயந்துகொண்டு, தாடிக்காரனையும் சிடுமூஞ்சியையும் பிடித்துக்கொண்டு தினமும் காலையில் என்னைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். பாவம், அந்த மனிதர். அவர் சம்பாதித்து அனுப்பிய வீட்டில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். அதில் தனக்கு ஓர் இடம் இருக்கிறதா என்பது அவருக்கு நிச்சயமில்லை.

நாலு மணி தாண்டிவிட்டது. தாடிக்காரன் ஒடிந்த கையோடு எங்கள் அணியிலேயே கிடந்தான். குழுவில் திருவையாற்று அண்ணன், தங்கச்சி யாரப் போட்டுச்சு என்று கேட்டு அனுப்பிய செய்தி மேலே வந்து மறைந்தது. நாங்கள் இருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“இப்பக் கேளுங்க,” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை அவ்வளவு பக்கத்தில் வைத்து நான் பார்த்ததே இல்லை. காதோரம் நரைத்திருந்தது. தன் சொந்த வீட்டுக்கு வர என்னிடம் அனுமதி கேட்டார்.

“நான் வந்துரட்டுமா?”

“வாங்க மச்சான்,” என்றேன்.